சென்னை வீட்டுல கம்மி செலவுல கோழிக்கூண்டு: குழி தோண்டுறதுல இருந்து கோழி விடுற வரைக்கும்

யூட்யூப்ல கோழிக்கூண்டுன்னு தேடுனா வர்றதுல முக்காவாசி வெளிநாட்டுக்காரங்க வீடியோ, நாலு பக்கமும் பலகை அடிச்சு குட்டி வீடு மாதிரி அழகா பெயின்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க. பாக்க சூப்பரா இருக்கும், ஆனா அதை அப்படியே கொண்டுவந்து மடிப்பாக்கத்துலயோ கொளத்தூர்லயோ கட்டுனீங்கன்னா மே மாசம் கோழி உள்ளயே வெந்துரும். அவங்க ஊர்ல குளிருக்கு கட்டுறாங்க, நமக்கு குளிரே கிடையாது. நமக்கு இருக்குற பிரச்சனை மூணுதான். ஒண்ணு புழுக்கம், ரெண்டு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அடிக்குற மழை, மூணு ராத்திரி வர்ற பெருச்சாளி, பூனை, கீரி. அதனால சென்னைல கூண்டுன்னா நல்ல கூரை போட்ட வலை, அவ்ளோதான். சுவர்னு பெருசா எதுவும் தேவையில்ல. செலவு கம்மியாகுறதும் இதனாலதான்.

பணத்தை எங்க போடணும்னு முதல்லயே சொல்லிடுறேன். வலை, தாழ்ப்பாள், கூரையை இறுக்குற போல்ட், இந்த மூணையும் புதுசா நல்லதா வாங்குங்க. கம்பு, பலகை, தகரம், பெட்டி எல்லாம் பழசு போதும். நிறைய பேர் இதை தலைகீழா பண்றாங்க, புது பிளைவுட் வாங்கி பளபளன்னு செஞ்சுட்டு கடைசில காசு பத்தாம ஓட்டை பெருசா இருக்குற சீப்பான கோழிவலையை சுத்திவிட்டுர்றாங்க.

நான் இங்க சொல்ற அளவு ஆறு பெட்டைக்கு. எட்டடி நீளம், நாலடி அகலம். இதுல ஒரு ஓரத்துல மூணடிக்கு ராத்திரி தூங்குற அறை, தரையில இருந்து ரெண்டடி உசரத்துல. மீதி அஞ்சடியும் அறைக்கு அடியில இருக்குற இடமும் பகல்ல சுத்துறதுக்கு. பகல் முழுக்க தோட்டத்துல மேய விடுறவங்களுக்கு இதுவே தாராளம், அடைச்சே வெச்சு வளக்குறதா இருந்தா கோழிக்கு நாலு சதுர அடியாவது வேணும், அந்தக் கணக்குலயும் இது பத்தும். பழைய சாமான் கைல மாட்டுனா ஏழெட்டாயிரத்துல முடியும், தேடப் பொறுமை இல்லன்னா பத்தாயிரம் பக்கம் வரும்னு வெச்சுக்கோங்க. விலை கடைக்குக் கடை மாறும், பேரம் பேசுறது உங்க சாமர்த்தியம்.

சேவல் வேணுமா?

கட்டுறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணணும். முட்டை போட சேவல் தேவையே இல்ல, நிறைய பேருக்கு இது தெரியாது. சேவல் இல்லாமலே பெட்டை முட்டை போடும், குஞ்சு பொரிக்காது, அவ்ளோதான். நெருக்கமான தெருவுல விடியக்காலை நாலு மணிக்கு சேவல் கூவுச்சுன்னா பக்கத்து வீட்டு அங்கிள் முதல் வாரம் சிரிப்பாரு, ரெண்டாவது வாரம் வீட்டு ஓனர்கிட்ட போன் போடுவாரு. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுருங்க, வார்டு ஆபீஸ்லயும் விசாரிச்சுக்கோங்க. முட்டை எடுக்க ஆரம்பிச்சதும் பக்கத்து வீட்டுக்கு மாசம் நாலு நாட்டுமுட்டை குடுத்துருங்க, அதைவிட பெரிய பர்மிஷன் எதுவும் இல்ல.

இடம் பாக்குறது

இதுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணணும், ஏன்னா கூண்டை அப்புறம் நகத்த முடியாது. முதல் கேள்வி தண்ணி. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம்லாம் இருக்குறவங்க 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தோட்டத்துல தண்ணி எந்த மட்டத்துக்கு வந்துச்சுன்னு பாருங்க, காம்பவுண்ட் சுவத்துல இன்னும் கறை கோடு இருந்தாலும் இருக்கும், இல்லன்னா பழைய ஆளுங்களைக் கேளுங்க. தூங்குற அறையோட தரை அந்தக் கோட்டுக்கு மேல இருக்கணும். முழங்கால் அளவுக்கு வந்த இடம்னா நான் சொல்ற ரெண்டடி உசரம் போதும். இடுப்பளவு வந்த இடம்னா தோட்டத்துல கட்டாதீங்க, மொட்டை மாடிதான் சரி. மாடியில குழி தோண்ட முடியாது, அதுக்கு வழி கீழ சொல்றேன்.

ரெண்டாவது திசை. எட்டடி நீளப் பக்கம் கிழக்கு மேற்கா ஓடணும். அப்பதான் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் சின்ன பக்கத்துல மட்டும் படும். பண்ணையில பெரிய ஷெட் போடுறவங்களும் இப்படித்தான் போடுவாங்க. வாசல் உள்ள உசரமான பக்கம் தெற்கு, கூரை சரியுற பக்கம் வடக்கு. நம்ம பெரிய மழை வடகிழக்குல இருந்து சாய்ச்சு அடிக்கும், அந்தப் பக்கம் கூரை தாழ்வா இருந்தா சாரல் உள்ள வராது. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து தென்கிழக்குல இருந்து வரும், அது திறந்த தெற்கு பக்கமா உள்ள போய் வடக்கு வழியா வெளிய போகும். தூங்குற அறை கிழக்கு ஓரத்துல இருக்கட்டும். மேற்கு ஓரத்துல வெச்சா சாயங்காலம் முழுக்க வெயில் வாங்கி சூடேறி கோழி அடையுற நேரத்துக்கு உள்ள அனலா இருக்கும்.

தென்னை மரத்தடி வேணாம், காரணம் சொல்லத் தேவையில்ல. முருங்கை மரத்தடியும் வேணாம், மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தா இறங்கும். வேப்பமரம் இருந்தா அதோட நிழலே பாதி வேலையை முடிச்சுரும். கிணறு, சம்ப் பக்கத்துல கட்டாதீங்க. காம்பவுண்ட் சுவத்தை ஒட்டியும் கட்டாதீங்க, பின்னாடி ஒரு ஆள் போற அளவுக்கு சந்து விட்டாதான் கூட்டிப் பெருக்க முடியும், இல்லன்னா அந்த இடுக்கு பெருச்சாளிக்கு வாடகை இல்லாத வீடு.

சாமான் எங்க தேடுறது

கம்புக்கு சவுக்கு. சாரம் கட்டுறதுக்கு விக்குற சவுக்குக் கடை ஏரியாவுக்கு ஒண்ணாவது இருக்கும். அடிப்பக்கம் மூணு இஞ்ச் தடிமன் உள்ளதா, எட்டடியில மூணு, ஏழடியில மூணு, அப்புறம் குறுக்குக்கட்டைக்கு ஒல்லியா பத்துப் பன்னெண்டு. வாங்குனதும் பட்டையை முழுசா உரிச்சுருங்க. பட்டைக்கு அடியிலதான் கரையானும் கோழிச்செல்லும் குடியேறும், இதை சோம்பேறித்தனத்துல விட்டா பின்னாடி மருந்து அடிச்சே மாளாது.

பலகைக்கு கம்பெனில தூக்கிப்போடுற பேலட், அதாவது சரக்கு அடுக்கி வெக்குற மரச்சட்டம். அம்பத்தூர் எஸ்டேட், மாதவரம், மணலி பக்கம் குடோன்ல பழைய பேலட் மரம் கிடைக்கும், சும்மா குடுக்குறவங்களும் உண்டு. ஆனா ஒரு விஷயம், பேலட் ஓரத்துல ஒரு முத்திரை சுட்டு வெச்சிருப்பாங்க. அதுல ஹெச்.டி.ன்னு (HT) இருந்தா சூடு பண்ணி பதப்படுத்துனது, தைரியமா எடுத்துக்கலாம். எம்.பி.ன்னு (MB) இருந்தா மீதைல் புரோமைடு வாயு அடிச்சது, அதை விட்டுருங்க. முத்திரை இல்லாம எண்ணெய் கறையோ கெமிக்கல் வாசனையோ வந்தாலும் வேணாம். பேலட் கிடைக்கலன்னா மேஸ்திரிகிட்ட பழைய சென்ட்ரிங் பலகை கேளுங்க.

கூரைக்கு தகர ஷீட், வீடு இடிக்குற இடத்துல பழசு கிடைக்கும். ஆறடி நீளத்துல மூணு ஷீட். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் யாராச்சும் சும்மா குடுத்தாக்கூட வாங்காதீங்க, உடைஞ்சா அந்தத் தூசி நம்ம நுரையீரலுக்குக் கெடுதி, அதுவும் நாமளே அறுத்து ஓட்டை போடுற வேலை இது.

வலைக்கு பாரிமுனை போங்க, செம்புதாஸ் தெரு சுத்துவட்டாரத்துல நாலு கடை ஏறி இறங்குனா நம்ம ஏரியா ஹார்டுவேர் கடையைவிட கம்மியா வரும், ஆனா ஆட்டோல கொண்டு வர்ற கூலியையும் கணக்குல சேருங்க. வாங்க வேண்டியது ரெண்டு வகை. அரை இஞ்ச் ஓட்டை உள்ள வெல்டு மெஷ், மூணடி அகல ரோல், முப்பத்தஞ்சு அடி. ஒரு இஞ்ச் ஓட்டை உள்ள வெல்டு மெஷ் இருபது இருபத்தஞ்சு அடி. கேஜ் கேட்டு வாங்குங்க, நம்பர் ஏற ஏற கம்பி ஒல்லியாகும், 24 கேஜ் தொட்டாலே வளையும், 20 இல்லன்னா 22 எடுங்க. ஆறு கோணமா பின்னியிருக்குற கோழிவலையை கடைக்காரர் சீப்புன்னு தள்ளப் பாப்பாரு. அது கோழி வெளிய போகாம தடுக்கும், நாய் உள்ள வர்றதைத் தடுக்காது, கடிச்சு இழுத்தா பிரிஞ்சுரும். திருவான்மியூர், கொட்டிவாக்கம் மாதிரி கடல் பக்கம் இருக்குறவங்க பிளாஸ்டிக் கோட்டிங் உள்ள வலை எடுக்குறது நல்லது, உப்புக்காத்து சாதா வலையை சீக்கிரம் தின்னுரும்.

இது போக யு ஆணி ரெண்டு கிலோ, மூணு இஞ்ச் ஆணி, கட்டுக்கம்பி, ஷீட்டுக்கு ஜே போல்ட்டும் ரப்பர் வாஷரும், கீல், ரெண்டு தாழ்ப்பாள், ஒரு சின்ன பூட்டு, கொஞ்சம் தார், சுண்ணாம்பு. அப்புறம் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். சென்னைல இதுக்கு பஞ்சமே இல்ல, கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள்னு தெருவுக்கு ஒண்ணு கிடக்கும், கட்டுனவங்களைக் கேட்டா எடுத்துட்டுப் போப்பான்னு குடுத்துருவாங்க. மழைத் திரைக்கு இதை அடிச்சுக்க எதுவும் இல்ல.

கம்பு நடுறது

எட்டுக்கு நாலு அளந்து நாலு முளைக்குச்சி அடிச்சு கயிறு கட்டுங்க. மூலை சரியா இருக்கான்னு பாக்க குறுக்கு ரெண்டையும் அளங்க, ரெண்டும் ஒரே அளவு வந்தா மூலை நேரா இருக்கு. கிழக்கு ஓரத்துல இருந்து மூணடி தள்ளி முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு குறி போடுங்க, அதான் தூங்குற அறையோட எல்லை. மொத்தம் ஆறு குழி, ஒண்ணரை அடி ஆழம். பல்லாவரம் பக்கம் மாதிரி பாறைத் தரைன்னா கடப்பாரையோட சண்டை போடணும், பெசன்ட் நகர் மணல்னா குழி சரிஞ்சுட்டே இருக்கும், அங்க ரெண்டடி போங்க.

சவுக்குக்கு எமன் கரையானும் ஈரமும். மண்ணுக்குள்ள போற பாகத்துக்கும் அதுக்கு மேல அரை அடிக்கும் தாரை சூடு பண்ணி தடவி காய விடுங்க. வண்டி கழிவு ஆயில் தடவுறது நம்ம ஊர் வழக்கம்தான், ஆனா கோழி எல்லாத்தையும் கொத்தும், அதனால ஆயில் வேணாம், தாரும் கோழி அலகு படாத மாதிரி வலைக்கு வெளிப்பக்கமா கீழ மட்டும் இருக்கட்டும். தெற்குப் பக்கம் எட்டடிக் கம்பு மூணு, வடக்குப் பக்கம் ஏழடிக் கம்பு மூணு. தரைக்கு மேல ஆறரை அடியும் அஞ்சரை அடியும் நிக்கும், அந்த ஒரு அடி வித்தியாசம்தான் கூரைச் சரிவு. குழியில உடைஞ்ச செங்கல்லும் மண்ணும் போட்டு இடிச்சு இறுக்குங்க, காசு இருந்தா கொஞ்சம் கான்கிரீட். தூக்குகுண்டு வெச்சுப் பாத்துட்டு இறுக்குங்க, இறுக்குனதுக்கு அப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல.

மாடியில கட்டுறவங்க இருபது லிட்டர் பழைய பெயின்ட் பக்கெட் ஆறு எடுத்து நடுவுல கம்பை நிறுத்தி கான்கிரீட் ஊத்துங்க. கம்பு கால் ஊனி நிக்கும், தளத்துல ஓட்டையும் விழாது. ஆனா மாடியில வெயில் ரெண்டு மடங்கு, அதுக்கு தனியா நிழல்வலை கட்டணும், காத்துக்கு பாராபெட் சுவரோட சேத்து கம்பி இழுத்துக் கட்டணும்.

மேல குறுக்குக்கட்டை கட்டும்போது வெறும் ஆணியை நம்பாதீங்க. சவுக்கு காஞ்சா சுருங்கும், ஆணி லூஸாகும். ஆணி அடிச்சு அதுக்கு மேல கட்டுக்கம்பியால ரெண்டு சுத்து சுத்தி கொறடால முறுக்குங்க. வடக்குப் பக்கத்துலயும் மேற்கு ஓரத்துலயும் ஒரு கம்பை மூலைக்கு மூலை சாய்வா கட்டுங்க, கூண்டு ஆடாம நிக்குறது இந்த ஒரு கம்புலதான். 2016ல வர்தா புயல் ஊரு முழுக்க மரத்தையே பிடுங்கிப் போட்டுச்சு, நம்ம சவுக்கு எம்மாத்திரம்.

கூரை

கூரை நாலு பக்கமும் ஒரு அடி வெளிய நீட்டிட்டு இருக்கணும். ஷீட்டை வடக்கு தெற்கா வெச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி போடுங்க, மழை எந்தப் பக்கம் இருந்து அடிக்குதோ அந்தப் பக்கத்து ஷீட்தான் மேல வரணும், அப்பதான் சந்து சாரலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், தண்ணி உள்ள நுழையாது. நமக்கு அது கிழக்கு. ஆகவே மேற்குல ஆரம்பிச்சு கிழக்குல முடிங்க. போல்ட்டை ஷீட்டோட மேட்டுல போடுங்க, பள்ளத்துல போட்டா தண்ணி ஓடுற வழியிலயே ஓட்டை போட்ட மாதிரி. ரப்பர் வாஷர் கட்டாயம்.

தகரம் மே மாசத்துல தோசைக்கல்லு. கோழியோட உடம்பு சூடே சாதாரணமா 41 டிகிரி கிட்ட, அதுக்கு வேர்வை சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளணும். நம்ம ஊர்ல காத்துல ஏற்கனவே ஈரம் நிறைய, அதனால அந்த மூச்சு வாங்குறதும் சரியா வேலை செய்யாது. மதுரை, திருச்சியில அதே வெயிலைத் தாங்குற கோழி இங்க திணறுறதுக்கு இதான் காரணம். அதனால தகரத்துக்கு மேல சுண்ணாம்பு ரெண்டு கோட் அடிங்க, அதுக்கு மேல தென்னங்கீத்து ரெண்டு அடுக்கு போட்டு கயிறால கட்டுங்க. கீத்து இல்லன்னா கோணிச்சாக்கு போட்டு மத்தியானம் ஒரு வாளி தண்ணி தெளிச்சு விடலாம். கூரைக்கும் வலைக்கும் நடுவுல எங்கயும் பலகை அடிச்சு மூடாதீங்க, சூடான காத்து மேல ஏறி வெளிய போக அந்த இடம் வேணும், அங்க வலை மட்டும்.

வடக்குப் பக்கம் கூரைத் தண்ணி கொட்டுற இடத்துல பழைய பிவிசி பைப்பை நீளவாக்குல ரெண்டா அறுத்து கட்டி ஒரு டிரம்முக்கு விட்டுருங்க. இல்லன்னா அந்தத் தண்ணி கூண்டுக்கு அடியிலயே தேங்கி சேறாகும், சேறு ஆனா நாத்தம், நாத்தம் வந்தா கொசு, கொசு வந்தா கோழிக்கு அம்மை. ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும்.

வலை அடிக்குறது

இதுதான் இந்தக் கூண்டோட உயிர். அவசரப்படாதீங்க.

பெருச்சாளி மேல ஏறி வராது, தோண்டித்தான் வரும். அதுக்குப் பெரிய சிமெண்ட் தளம் போடணும்னு சொல்லுவாங்க, தேவையில்ல. மூணடி அகல அரை இஞ்ச் வலையை நீளவாக்குல எல் மாதிரி மடிங்க. பாதி, அதாவது ஒண்ணரை அடி, கம்போட ஒட்டி மேல நிக்கணும். மீதி ஒண்ணரை அடி வெளிப்பக்கமா தரையில படுக்கணும். கூண்டைச் சுத்தி ரெண்டு இஞ்ச் மண்ணை வழிச்சுட்டு வலையைப் படுக்க வெச்சு மேல மண்ணு, உடைஞ்ச ஓடு, செங்கல் போட்டு மூடிருங்க. பெருச்சாளியோ நாயோ சுவர் ஓரத்துலதான் தோண்ட ஆரம்பிக்கும், தோண்டுனா கால்ல வலை தட்டும், ஒண்ணரை அடி பின்னாடி போய் தோண்டணும்னு அதுக்குத் தோணாது. மண்ணுக்குள்ள போற வலைக்கு தார் பெயின்ட் ஒரு கோட் அடிச்சா ரொம்ப வருஷம் வரும்.

அதுக்கு மேல கூரை வரைக்கும் ஒரு இஞ்ச் வலை போதும், பகல்ல மட்டும்தான கோழி அங்க இருக்கப்போகுது. தூங்குற அறையை மட்டும் முழுக்க அரை இஞ்ச் வலையில அடிக்கணும், ஒரு விரல் நுழையுற சந்து கூட விடக்கூடாது. சாரைப்பாம்பு முட்டைக்கு வரும், எலி தீவனத்துக்கு வரும், அடையாறு, கிண்டி பக்கம் மரம் அதிகமா இருக்குற இடத்துல மரநாயும் வரும், அது வந்தா ஒரே ராத்திரில எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போயிரும். யு ஆணியை நாலு இஞ்சுக்கு ஒண்ணு அடிங்க. ரெண்டு வலை சேர்ற இடத்துல மூணு இஞ்ச் ஏத்திப் போட்டு கட்டுக்கம்பியால தையல் போடுற மாதிரி கோத்துக் கட்டுங்க. வெட்டுன வலை முனை எல்லாம் வெளிப்பக்கமா மடிச்சு விடுங்க, உள்ள நீட்டிட்டு இருந்தா கோழி கால்லயும் கண்ணுலயும் குத்தும், நம்ம கையையும் கிழிக்கும். கையுறை போட்டுக்கோங்க.

வலை அடிச்சு முடிச்சதும் ராத்திரி ஒருத்தர் உள்ள டார்ச் அடிக்க இன்னொருத்தர் வெளிய சுத்தி வந்து பாருங்க, விட்டுப்போன ஓட்டை எல்லாம் பளிச்சுன்னு தெரியும்.

தூங்குற அறை

ரெண்டடி உசரத்துல நாலு கம்பையும் சேத்து குறுக்குக்கட்டை கட்டி அதுமேல பேலட் பலகையை சந்து இல்லாம அடிங்க. தரையே வலையா விட்டா எச்சம் கீழ விழுந்துரும்னு நினைப்பீங்க, ஆனா வலையில எச்சம் அடைச்சுக்கும், கோழி பாதத்துலயும் புண்ணு வரும். பலகையே நல்லது. பலகை மேல ஃப்ளெக்ஸ் துண்டு ஒண்ணு விரிச்சு அதுமேல நெல்லு உமி ரெண்டு இஞ்ச். வாரம் ஒரு தடவை அந்த ஃப்ளெக்ஸை அப்படியே உருவி வெளிய கொட்டி கழுவிப் போட்டா வேலை முடிஞ்சுது.

சுவர் பலகை அறைத் தரையில இருந்து ஒண்ணரை அடி வரைக்கும், மேல வலை. கிழக்குப் பக்கம் மட்டும் சாரலுக்காக மேல அரை அடி விட்டு முழுசா பலகை. வடக்குப் பக்கத்துக்கும் தெற்குப் பக்கத்துக்கும் ஃப்ளெக்ஸ் திரை, கீழ முனையில ஒரு குச்சி கட்டி சுருட்டி விடுற மாதிரி. வெள்ளைப் பக்கம் வெளிய இருக்கட்டும், வெயிலைத் திருப்பி அனுப்பும், தலைவர் சிரிச்ச முகம் உள்ள கோழியைப் பாத்துட்டு இருக்கட்டும்.

உக்கார கழி ரெண்டு, நாலடி நீளம், ஒண்ணரை ரெண்டு இஞ்ச் தடிமன், அறைத் தரையில இருந்து ஒண்ணரை அடி உசரம். கோழிக்கு எட்டுப் பத்து இஞ்ச் இடம்னு கணக்குப் போட்டா ஆறுக்கும் தாராளம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி, ரெண்டும் ஒரே உசரத்துல. ஒண்ணை மேல வெச்சா எல்லாம் அதுக்கே அடிச்சுக்கும், கீழ இருக்குறதுமேல எச்சம் விழும். பிவிசி பைப்பைக் கழியா வெக்காதீங்க, வழுக்கும்.

முட்டைப்பெட்டி ரெண்டு போதும், நாலு கோழிக்கு ஒண்ணுங்குற கணக்கு. கோயம்பேட்டுல பழக்கடைக்காரங்க தூக்கிப் போடுற மரப்பெட்டி, இல்லன்னா இருபது லிட்டர் பக்கெட்டைப் படுக்க வெச்சு வாயில பாதிக்குப் பலகை அடிச்சாலே பெட்டி. நீளம், அகலம், உசரம் எல்லாம் ஒரு அடி. தெற்குப் பக்கம் அறைக்கு வெளிய, கூரை நீட்டலுக்கு அடியில, கழியைவிட தாழ்வா தொங்கவிடுங்க, கழியைவிட உசரமா இருந்தா ராத்திரி அதுக்குள்ளயே போய் தூங்கி நாறடிச்சுரும். மூடிக்கு கீல் வாங்க வேணாம், பழைய பைக் ட்யூபை பட்டையா வெட்டி அடிச்சா கீலும் ஆச்சு, மழைத்தண்ணியும் இறங்காது. மூடியைத் தூக்குனா முட்டை, கூண்டுக்குள்ள போகவே வேணாம்.

சுத்துற இடத்துல இருந்து அறைக்கு ஏற நாலடிப் பலகை ஒண்ணு சாய்வா, அரை அடிக்கு ஒரு மெல்லிசான ரீப்பர் மரத்துண்டு படி மாதிரி. அறை வாசல் ஒரு அடிக்கு ஒண்ணேகால் அடி. அதுக்கு மேலருந்து கீழ சறுக்குற பலகைக் கதவு, கயிறு கட்டி வெளியவே இழுத்து விடுற மாதிரி. நாம போற கதவு தெற்குப் பக்கம் ரெண்டடி அகலம் அஞ்சடி உசரம். உள்பக்கமா திறக்குற மாதிரி வைங்க, நாம தட்டோட நுழையும்போது கோழி காலுக்கு நடுவுல பூந்து ஓடாது. சும்மா கொக்கி போதாது, பூனை தட்டித் தட்டி திறந்துரும். தாழ்ப்பாளும் பூட்டும் போடுங்க. பூட்டு பூனைக்கு இல்ல, ரெண்டு கால் திருடனுக்கு. தீபாவளிக்கு முந்தின வாரம் நான் சொன்னது புரியும்.

தரை, தண்ணி, தீனி

சுத்துற இடத்துல மணல் மூணு இஞ்ச் போட்டு மேல காஞ்ச இலை, உமி, தேங்காய் நார்த்தூள் எது கிடைக்குதோ அதைக் கொட்டுங்க. கோழியே கிளறிக் கிளறி எச்சத்தை அதுல கலந்துரும். காஞ்சு இருக்குற வரைக்கும் வாடை வராது, ஈரம் பட்டாதான் அம்மோனியா கண்ணை எரிக்கும். கையில அள்ளிப் புடிச்சா உருண்டையா நின்னா ஈரம் ஜாஸ்தி, இன்னும் உமி போடுங்க. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை வாரி மக்க வெச்சா மாடித்தோட்டத்துக்கு உரம். ஒரு மூலையில பழைய டயருக்குள்ள அடுப்புச் சாம்பலும் மணலும் கொஞ்சம் வேப்பிலைத் தூளும், கோழி அதுல புரண்டு பேனைத் தானே போக்கிக்கும்.

தண்ணி ஒரு கோழிக்கு நாளைக்கு கால் லிட்டர், கத்திரி வெயில்ல அது டபுள் ஆகும். கூரைக்கு அடியில நிழல்ல ரெண்டு இடத்துல வைங்க. மண்சட்டில வெச்சா சில்லுன்னு இருக்கும், தினமும் கழுவணும். முட்டை ஓடு மெலிசா வந்தா கிளிஞ்சல் தூள் தனியா ஒரு தட்டுல. தீவனத்தை ராத்திரி கூண்டுக்குள்ள விடாதீங்க, அது எலிக்கு வெக்குற விருந்து.

குஞ்சும் தடுப்பூசியும்

சிறுவிடைங்குற நாட்டுக்கோழி சின்ன இடத்துக்கு ஏத்தது, அடையும் நல்லா படுக்கும். அசீல்ங்குற சண்டைக்கோழி பாக்க அழகு, ஆனா ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும், சின்ன கூண்டுக்கு வேணாம்னுதான் சொல்லுவேன். முட்டைதான் முக்கியம்னா மாதவரம் பால்பண்ணையில கால்நடைப் பல்கலைக்கழகத்தோட கோழி ஆராய்ச்சி நிலையத்துல விசாரிங்க, நந்தனம் கோழின்னு அவங்களே உருவாக்குன ரகங்க உண்டு. குஞ்சுக்கு முன்பதிவு பண்ண வேண்டி வரலாம், போன் பண்ணிட்டுப் போங்க.

வெள்ளைக்கழிச்சல் வந்தா மருந்து கிடையாது, தடுப்பூசி ஒண்ணுதான். முதல் வாரம் சொட்டு மருந்து, மூணு நாலு வாரத்துல மறுபடி, ரெண்டு மாசத்துல ஊசி. பக்கத்துல உள்ள கால்நடை மருந்தகத்துலயோ வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயோ கேட்டா சரியான தேதி எழுதிக் குடுப்பாங்க. வாங்குற இடத்துல என்ன போட்டாச்சுன்னு கேட்டு வாங்குங்க.

கோழி விட்ட முதல் வாரம்

புதுக் கோழியை வந்த அன்னைக்கே தோட்டத்துல விட்டா சாயங்காலம் மரத்துல ஏறி உக்காந்துக்கும், நீங்க ஏணி போட்டு இறக்கணும். முதல் நாலஞ்சு நாள் கூண்டை விட்டு வெளிய விடவே வேணாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அறைக்குள்ள கொஞ்சம் கம்புத் தானியம் இல்லன்னா அரிசி போட்டு எல்லாத்தையும் உள்ள அனுப்பி கதவை இறக்குங்க, ஏறத் தெரியாததைக் கையில தூக்கி கழியில உக்கார வைங்க. அதுக்கப்புறம் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வெளிய விடுங்க, இருட்டுனா தானா ஏறிக்கும். தினமும் கதவை இறக்கும்போது தலையை எண்ணுங்க.

செப்டம்பர் கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்கி போல்ட் எல்லாம் இறுக்கி, கீத்து மாத்தி, ஃப்ளெக்ஸ் கிழிஞ்சிருந்தா புதுசு போட்டு, கம்போட அடியை ஆணியால குத்திப் பாருங்க. ஆணி சுலபமா இறங்குனா கரையான் தின்னுருச்சுன்னு அர்த்தம், பக்கத்துலயே ஒரு புதுக் கம்பை நட்டு சேத்துக் கட்டிருங்க. புயல் எச்சரிக்கை குடுத்தா கூரை மேல ரெண்டு இடத்துல கம்பியைக் குறுக்க போட்டு ரெண்டு பக்கமும் முளையில இழுத்துக் கட்டுங்க, ஃப்ளெக்ஸ் திரையை சுருட்டி மேல கட்டிருங்க, விரிச்சு விட்டா அதுவே பாய்மரம் மாதிரி காத்தை வாங்கி கூண்டைச் சாய்ச்சுரும். தண்ணி ஏறுற ஏரியான்னா காத்து ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே கோழியை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில போட்டு மாடிப்படில தண்ணி ஏறாத உசரத்துல வெச்சுருங்க, ஒரு பெட்டிக்கு ரெண்டுக்கு மேல வேணாம்.